ஜெபித்துச் சொல்கிறோம்

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு யாரும் அந்த இடத்திலேயே பதில் சொல்ல மாட்டார்கள். “ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம்” என்பார்கள். பிடித்திருந்தால் முகம் மலர்ந்து சொல்வார்கள். நகைக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் வாசல்வரை வந்து, மிகுந்த மரியாதையோடு வழியனுப்பிச் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். உண்மையிலேயே ஜெபித்துவிட்டுச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் அப்பா அந்த ரகம். அதனால் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்பா மிஷன் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர். ஊர் மெய்ஞ்ஞானபுரம் பக்கம். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம். 2003-இல் பிரிவதற்கு முன்பு எல்லாம் திருநெல்வேலித் திருமண்டலம்தான். இரவு சாப்பாடு முடிந்ததும் குடும்ப ஜெபம். பாயில் நாங்கள், தூணில் சாய்ந்து ஆச்சி, நாற்காலியில் அப்பா. ஒரு கீர்த்தனை, ஆளுக்கொரு வசனமாக ஓர் அதிகாரம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். பேராயரில் தொடங்கி, சேகரத்து நோயாளிகள், பள்ளிக்கூடம், மழை என்று அப்பா வரிசை தவறாமல் போவார். பேராயருக்கும் மழைக்கும் நடுவில் தம்பி தூங்கிவிடுவான். வீட்டில் ஏதாவது முடிவெடுக்க வேண்டியிருந்தால் அது மழைக்குப் பிறகு, கடைசியாக வரும். “அந்தக் காரியத்துல உம்முடைய சித்தத்தைக் காட்டும்” என்று மட்டும் சொல்வார். எந்தக் காரியம் என்று பெயர் சொல்ல மாட்டார். ஆண்டவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்பது அவர் கணக்கு.

கல்யாணம், நிலம், ஊரைவிட்டுப் போவது ஆகிய மூன்றும் ஜெபமில்லாமல் நடக்கக் கூடாது என்பது தாத்தா காலத்து ஏற்பாடு. மாடு வாங்குவது, வாசற்படியை மாற்றுவது, யாரோடு பேச்சை நிறுத்துவது எல்லாம் அவரவர் இஷ்டம். (பேச்சை நிறுத்துவதையும் தாத்தா அந்தக் கணக்கில் சேர்த்திருக்கலாம். எங்கள் சொந்தத்தில் பாதி வில்லங்கம் அதில்தான் வந்தது.)

சீட்டுப் போட்டுப் பார்க்கும் வழக்கம் அப்பாவிடம் இல்லை. சித்தப்பாவிடம் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்கு ஊருக்கு வெளியே ஒரு பனைவிளை. வாங்கும்போது சித்தியின் நகைகள்தான் போயின. சித்தியின் கழுத்தில் மிஞ்சியது தாலிச் சங்கிலி மட்டும். விளையை விற்று ஒரு லாரி வாங்கி, தூத்துக்குடி உப்பளத்தில் லோடு அடித்தால் எங்கேயோ போய்விடலாம் என்று சித்தப்பாவுக்கு ஒரு வேகம் வந்திருந்தது. விலை பேசி, முன்பணம்கூட வாங்கிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. ஒரு சாயங்காலம் என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினார். ஒன்றில் ‘விற்கலாம்’, மற்றதில் ‘வேண்டாம்’. இரண்டையும் மடித்து ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் போட்டார். கள்ளமில்லாத கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

நீண்ட ஜெபம். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது சித்தி அடுக்களை நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அரிசி களைந்த பானை. அதன் அடியிலிருந்து கழுநீர் சொட்டுச் சொட்டாக அவள் கால் விரல்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவளும் கண்ணை மூடவில்லை.

எடுத்தேன். ‘வேண்டாம்.’

“பிள்ளை சரியா குலுக்கல” என்றார் சித்தப்பா. மறுபடி மடித்துப் போட்டு, மறுபடி ஜெபம். மறுபடியும் அதே சீட்டு. கிதியோன் ஆட்டுத்தோலை வைத்து ஒரு தரம் கேட்டதோடு விட்டானா என்று சொல்லிக்கொண்டே இந்தத் தடவை அவரே குலுக்கினார். ‘விற்கலாம்’ என்று வந்ததும் “ஸ்தோத்திரம்!” என்று சத்தமாகச் சொல்லிக் கொட்டானைக் கவிழ்த்துவிட்டார். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லையாம். சித்தி உள்ளே போய்விட்டாள். உலை வைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் விவரம் கேட்ட அப்பா, பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “கிதியோன் பயத்துல ரெண்டாந்தரம் கேட்டாம்லே. நீ ஆசையில கேட்டிருக்க.”

இந்த மாதிரிக் கதைகள் நற்செய்திக் கூட்டங்களில் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். லாரி மலையிலிருந்து உருண்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. லாரி நன்றாகவே ஓடியது. சித்தப்பா ஓட்டு வீட்டைக் காரை வீடாக்கினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், வயதானதும் லாரியை நியாயமான விலைக்கு விற்றார். தன்னிஷ்டப்படி செய்கிறவனை எல்லாம் ஆண்டவர் உடனே கவிழ்ப்பதாக இருந்தால் தூத்துக்குடி ரோட்டில் ஒரு வண்டி ஓடாது.

ஆனால் ஆவணி மாதம் பனம்பழம் விழும் காலத்தில், விடிவதற்கு முன்பு சித்தி ஒரு கடவத்தை எடுத்துக்கொண்டு அந்த விளைக்குப் போவாள். விற்றுப்போன விளை. கீழே விழுந்த பழத்தைப் பொறுக்கினால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்பாள். புது முதலாளி முள்வேலி போடும்வரை போய்க்கொண்டுதான் இருந்தாள். அம்மா ஒருநாள், “ஏன் இப்படி இருட்டுல போற?” என்று கேட்டதற்குச் சித்தி சொன்ன பதிலை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்: “அவிய ஆண்டவரைக் கேட்டாவ மைனி. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

பின்னாளில் கல்லூரியில் சரித்திரம் நடத்தப் போனபோது, சீட்டுப் போட்டே குடும்பம் நடத்திய ஒரு சபையைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் வேரூன்றிய மொரேவியர்கள். நமக்கு அந்நியர்கள் இல்லை. 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு பக்கம் நிலம் வாங்கி, ‘சகோதரர் தோட்டம்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் குடியிருந்தவர்கள். அவர்கள் சபையில் ஒருவனுக்குப் பெண் பார்த்தால், ஆம், இல்லை என்ற சீட்டுகளோடு எதுவும் எழுதாத சீட்டு ஒன்றும் இருக்கும். வெற்றுச் சீட்டு வந்தால் கேட்க வேண்டிய வேளை இன்னும் வரவில்லை என்று பொருள். அதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் கொட்டான்தான் கண்ணில் வந்தது. அதில் அப்படி ஒரு சீட்டு இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். சீட்டு ‘ஆம்’ என்று வந்தாலும் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்பார்கள். அவள் முடியாது என்றால் முடியாதுதான். சீட்டு கட்டுப்படுத்தியது கேட்டவர்களையே தவிர அவளை இல்லை. 1818-இல் கூடிய அவர்களுடைய பொதுச் சங்கம் சாதாரண உறுப்பினர்களின் கல்யாணத்துக்குச் சீட்டுப் போடும் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

அந்த மொரேவியர்களிடம் பழகிய ஜான் வெஸ்லியும் சீட்டுப் போட்டுப் பார்த்தவர்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்குவதற்கு முன்பு அமெரிக்காவில் ஜார்ஜியாவின் சவானா ஊரில் குருவாக இருந்தபோது, சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று மனம் அலைபாய, 1737 மார்ச்சில் மூன்று சீட்டு எழுதினார். கல்யாணம் செய், இந்த வருஷம் வேண்டாம், இனி அந்த நினைப்பே வேண்டாம். வந்தது மூன்றாவது. கீழ்ப்படிந்தார். அந்தப் பெண்ணும் சில நாட்களிலேயே வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். சில மாதம் கழித்து அவளுக்கு இராப்போஜனம் கொடுக்க மறுத்து, அது வழக்காகி, வருஷம் முடிவதற்குள் வெஸ்லி அந்த ஊரைவிட்டே கிளம்ப வேண்டி வந்தது. சீட்டுக்குக் கைதான் கீழ்ப்படிந்தது, மனசு இல்லை போலிருக்கிறது. வெஸ்லியைப் போன்ற ஒருவருக்கே இந்த நிலை என்றால் லாரி ஆசையில் இருந்த சித்தப்பாவைக் குறை சொல்லி என்ன?

எங்கள் ஊரிலும் மொரேவிய வாசனை வேறு வழியில் இருக்கத்தான் செய்கிறது. ஹெர்ன்ஹூட்டில் இன்றும் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் வசனத்தைச் சீட்டெடுத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வசனத் தொகுப்பு 1731-க்கான புத்தகத்திலிருந்து அச்சாகிக்கொண்டு வருகிறது. நம் கோயில்களில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டை வரும், ஆளுக்கொன்று எடுப்போம். ஆச்சி தன் அட்டையை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “ஏட்டி, எல்லாத்தையும் ஆசீர்வாதமாவே பொறுக்கி எழுதியிருக்காவ. ஒரு அதட்டல் வசனம் உண்டா பாரு” என்பாள். நானும் தேடியிருக்கிறேன். கிடையாது.

அப்பா 1996 மே மாதம் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்யூடேஷன் என்று வாழ்நாளில் பார்க்காத தொகை ஒரே சமயத்தில் கைக்கு வந்தது. பின்னாலேயே இரண்டு காரியங்கள் கைகோத்துக்கொண்டு வந்தன. ஒன்று, அக்காவுக்கு ஒரு வரன். மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிக்கை வாசிக்க வேண்டும், அதற்குமேல் லீவில் நாள் இல்லை, ஆகவே இந்த ஞாயிற்றுக்குள் பதில் வேண்டும். மற்றொன்று, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி.

அந்த வருஷங்கள் நினைவிருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு முழுக்கத் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ். 24 சதவீதம், 30 சதவீதம், 36 என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். டெபாசிட் போட்டால் தங்கக் காசு. எங்கள் ஊருக்கு வந்த ஏஜெண்ட் வெளியாள் இல்லை. கோயிலில் காணிக்கைப் பை எடுக்கிறவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரண்டு காரியத்தையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டுக் கொடுத்தார். நகையைக் கடனுக்கு வாங்குவது, பணத்தை ஃபைனான்ஸில் போடுவது, வருகிற வட்டியில் கடனை அடைப்பது. முதல் அப்படியே நிற்கும். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். 30 சதவீதம் என்றால் லட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய். போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் அன்றைய 13 சதவீதத்துக்கு 1,083 ரூபாய். அந்தத் தாளை அம்மா ஆணியில் குத்தி அப்பா உட்காரும் நாற்காலிக்கு எதிரே தொங்கவிட்டிருந்தாள்.

“ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்” என்றார் அப்பா.

“அத்தான், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஜெபிச்சி முடிச்சிருங்க” என்றார் மாமா. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். தங்கக் காசுச் சலுகைக்கும் மாதக் கடைசிதான் கெடு.

அப்பாவின் ஜெபம் நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, இடது பக்கம் தனக்கு எது ஆசை என்று எழுதினார். வலது பக்கம் எதற்குப் பயம் என்று எழுதினார். அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆசைப் பக்கத்தில் முதல் வரியே, ‘ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டும்.’ இரண்டாவது வரி, ‘மைத்துனன் முன்னால் தோற்கக் கூடாது.’ மகள் கல்யாணம் நான்காவது வரியில்தான் வருகிறது. அதை எழுதிவிட்டு அப்பா அந்த இரவு எப்படி முழங்காலில் நின்றிருப்பார் என்று நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆண்டவரைக் கேட்பதற்கு முன்னால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மடியை அவிழ்த்துக் காட்டிவிடுவது அவர் வழக்கம். மடியில் விடையை முடிந்துவைத்துக்கொண்டு கேட்பதைக் கேட்பது என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒரே நாளில் இல்லை. இன்றைக்கு ஆச்சி, நாளைக்கு நான் என்று, குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில். பிளஸ் டூ படிக்கும் தம்பியையும் விடவில்லை. தம்பி மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொன்னான். ஆச்சி மாப்பிள்ளை வீட்டின் மூன்று தலைமுறையைச் சொன்னாள். நான் ஃபைனான்ஸ் கம்பெனி இத்தனை வட்டியை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும் என்று கேட்டேன். மாமா அதற்குச் சொன்ன பதிலில் ‘ரியல் எஸ்டேட்’ என்ற சொல் நிறைய வந்தது.

ஒருநாள் அப்பா சித்தியையும் கூப்பிட்டனுப்பினார். சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து திண்ணை ஓரத்தில் நின்றாள். “எங்கிட்டயா கேக்கிய அத்தான்?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு சொன்னாள்: “பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்தப் பையனுக்க அம்மை வாயையே திறக்கல. கவனிச்சியளா? காப்பி போதுமான்னு நான் கேட்டேன். அவிய வீட்டுக்காரரு முகத்தைப் பாத்துட்டுத்தான் தலையை ஆட்டுனா.”

அம்மா உட்பட அதை யாரும் கவனித்திருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கடிகாரத்தையும் காரையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காவைக் கடைசியாகக் கேட்டார். அக்கா அப்போது பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் “உங்க இஷ்டம்ப்பா” என்றாள். “என் இஷ்டம் நோட்டுல இருக்கு. உன் இஷ்டத்தைத்தான் கேக்கேன்” என்றார் அப்பா. அடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டது. மாமா கோபத்தில் சாப்பிடாமல் போனார். அம்மா பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். அதற்கும் பிறகு ஒரு ராத்திரி அக்கா வாயைத் திறந்தாள்: “எத்தனை பவுன்னு கேட்டாவ, அப்பாவுக்கு பென்ஷன் எவ்வளவுன்னு கேட்டாவ. எனக்கு எந்த வார்டுல டூட்டின்னுகூட ஒருத்தரும் கேக்கலியேப்பா.”

அப்பா விளக்கை அணைக்கப் போனவர் அப்படியே நின்றார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குத் தபால் போட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா நேரிலேயே வந்துவிட்டார். அவர் சொன்னது நியாயமான கேள்விதான். “நாங்களும் உபவாசம் இருந்து ஜெபிச்சிட்டுத்தான் வந்தோம். எங்களுக்கு ஆண்டவர் சம்மதம் குடுத்துட்டாரு. உங்களுக்கு மட்டும் எப்படி வேற சொல்லுவாரு?” அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அவருக்குத் தன் ஜெபத்தின்மேல் அவ்வளவு நிச்சயம் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சபைப் போதகரான ஐயரிடம் போனார்கள். எங்கள் சேகரத்து ஐயர் அப்போது ஓய்வு பெறும் வயதில் இருந்தார். அதிகம் பேச மாட்டார். கேட்டுவிட்டு, “கொர்நேலியுவுக்குத் தரிசனம் கொடுத்தவர் பேதுருவுக்கும் தனியா கொடுத்தார். சவுலுக்குச் சொன்னவர் அனனியாவையும் தனியா கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வீட்டுல மட்டும் சொல்லிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையை இழுத்துட்டு வான்னு சொல்லுறது அவர் பழக்கம் இல்லை” என்றார். மாப்பிள்ளையின் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஐயர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். மரியாதைப்பட்ட மனுஷர்தான். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் அந்த லீவிலேயே கல்யாணம் முடிந்ததாகக் கேள்வி.

ஃபைனான்ஸ் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. ஆண்டவர் கெடு வைத்துத் துரத்த மாட்டார் என்பார். நான் சும்மா இருக்காமல், சோதோமில் லோத்துவைத் தேவதூதர்கள் கையைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவசரப்படுத்தவில்லையா என்று கேட்டேன். அப்பா சிரித்துவிட்டார். “அது ஊரைவிட்டு ஓடுறதுக்கு. டெபாசிட் போடுறதுக்கு இல்ல.” பணம் போஸ்ட் ஆபீசுக்குப் போனது. அம்மா காலண்டர் தாளைக் கிழிக்கவில்லை. அது வருஷம் முடியும்வரை எதிரே தொங்கியது.

அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை மூடின. டெபாசிட் போட்டவர்களைக் காக்க என்று அரசு 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் மட்டும் எத்தனையோ பேர் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். கோயிலில் அப்பாவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவரைக் கேட்டுக் காத்திருந்ததால் பணம் தப்பியதே, அதைச் சபைக்கு முன்னால் சொல்லுங்கள் என்று.

அப்பா முடியாது என்றுவிட்டார். நான் அறிந்து கோயில் காரியத்தில் அவர் முடியாது என்று சொன்னது அந்த ஒருமுறைதான். ஐயரிடம் சொன்ன காரணத்தை வீட்டிலும் சொன்னார். அவரோடு வேலை பார்த்த இன்னொரு வாத்தியார், அப்பாவைவிட அதிகமாக ஜெபிக்கிறவர், ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம் இருக்கிறவர், அவரும் ஜெபித்துவிட்டுத்தான் தன் மொத்தப் பணத்தையும் போட்டார். போனது போனதுதான். “அவரு மூணாவது பெஞ்சில உக்காந்திருப்பாரு. நான் மேல நின்னு சாட்சி சொன்னா அவருக்கு அது என்னன்னு கேக்கும்?”

இதற்கு எனக்கு இன்றுவரை விடை இல்லை. கேட்டவர்களில் ஒருவருக்குத் தடை கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வாத்தியார் அவசரக்காரரோ பேராசைக்காரரோ இல்லை. மூன்று பெண்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அம்மாவிடம் கேட்டால் வேறு விளக்கம் உண்டு: “உங்கப்பாவுக்கு ஜெபமே இல்லாட்டியும் ஒரு முடிவெடுக்க ஒரு மாசம் ஆவும். அந்த மந்தம்தான் நம்மளைக் காப்பாத்துச்சு.” அதையும் தள்ளிவிட முடியாது. இதே மந்தத்தால் போன நிலமும் உண்டு. பாளையங்கோட்டையில் பெருமாள்புரம் தாண்டி ஒரு மனை, பேசி முடித்தால் போதும் என்ற நிலையில் இருந்தது. அப்பா ஜெபித்துக்கொண்டிருந்தபோது இன்னொருவர் பத்திரம் முடித்துவிட்டார். பின்னாளில் அங்கே கட்டடங்கள் எழும்பி, விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அம்மா என் தோளைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டுவாள்: “அந்தா பாரு, உங்கப்பா ஜெபம்.” அப்பா காது கேளாதவர்போல முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை தனியாக இருந்தபோது அவரைக் கேட்டேன். ஆண்டவர் சொல்லிவிட்டார் என்று எப்படித் தெரியும்? குரல் கேட்குமா? “எனக்கு ஒருநாளும் கேட்டதில்ல” என்றார். எல்லாரும் சொல்வதைப்போல மனசில் சமாதானம் வருமா? “சமாதானம் நல்லாத் தூங்கி எந்திரிச்சாலும் வரும்ளா.” பிறகு கொஞ்சம் யோசித்து, நோட்டின் இடது பக்கத்தைத் திருப்பி வாசிக்கும்போது வெட்கம் வர ஆரம்பித்தால், அதற்குமேல் மற்றவர்கள் பேசுவது காதில் விழும் என்றார். அதற்குமுன் விழாதாம். வேதத்தில் சீஷர்கள் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இடத்தைக் காட்டி, அவர்கள் முதலில் கூடி உட்கார்ந்து, பேசி, தகுதியான இரண்டு பேரைப் பிரித்து நிறுத்திவிட்டுத்தானே சீட்டை எடுத்தார்கள் என்றார். சித்தப்பாவை நினைத்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

1998-இல் அக்கா ஊருக்கு வந்தவள், குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில், தானாகவே பேச்சை எடுத்தாள். கூட வேலை பார்க்கிற லேப் டெக்னீஷியன் ஒருவர். அம்மா இல்லாத வீடு, ஒரு தங்கச்சி உண்டு. சொத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார்.

“ஜெபிச்சிட்டு—”

“நான் ஒரு வருஷமா ஜெபிச்சாச்சுப்பா. அவரையும் ஜெபிக்கச் சொல்லி, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம வச்சிருந்து, போன மாசந்தான் பேசிக்கிட்டோம். நீங்க மெதுவா ஜெபிச்சுச் சொல்லுங்க. கெடு கிடையாது.”

பெட்டியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இடது பக்கத்தை வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “அது அப்படித்தான்ப்பா, அழிக்க முடியல” என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அம்மா பாயை மூலையில் சாத்திவிட்டு வந்தாள். “நீங்க ஆற அமர ஜெபிச்சு முடிங்க. சித்தியக் கூட்டிட்டு நான் நாளைக்கு ஆரெம்கேவி ஜவுளிக்கடைக்குப் போயிட்டு வந்திருதேன்” என்றாள்.